பழைய காரில் பெல் ஹவுசிங் வழியாக எண்ணெய்ச் சொட்டு: கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டுமா?

நெடுவழி எழுதியது:

வணக்கம். என்னிடம் இருப்பது 18 வயதான நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். கையால் கியர் மாற்றும் வகை, ஏறத்தாழ 1,70,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சில மாதங்களாக, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் கிளட்சை மூடியிருக்கும் கூட்டின் (பெல் ஹவுசிங்) அடியிலிருந்து எண்ணெய் சொட்டுகிறது. நெடுந்தூரம் ஓட்டி நிறுத்தினால் எண்ணெய் கருகும் வாடை வருகிறது. டிப் ஸ்டிக்கில் அளவும் மெல்லக் குறைகிறது. சைலன்சரில் நீலப் புகை இல்லை. கிளட்ச் வழுக்கவில்லை.

ஒரு பட்டறையில் காட்டினேன். காரைத் தூக்கினார்கள், டார்ச் அடித்துப் பார்த்தார்கள், "கிராங்க் பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டார்கள். கிராங்க் என்னும் எஞ்சினின் முதன்மைத் தண்டைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கும் அந்த வளையத்தின் விலை சொற்பம்தான், கூலிதான் கையைக் கடிக்கிறது. அவ்வளவு செலவழித்த பிறகும் சொட்டு நிற்கவில்லை என்றால் என்ன செய்வது? பின்பக்க சீல்தான் காரணம் என்று உறுதிப்படுத்த வழி இருக்கிறதா?

பட்டறைக்காரர் எழுதியது:

நண்பரே, கியர்பாக்ஸில் யாரும் கை வைக்க வேண்டாம் என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

பெல் ஹவுசிங் மூட்டில் எண்ணெய் சொட்டுகிறது என்றால், அந்த இடம் தாழ்வானது என்பதைத் தாண்டி அது எதையும் நிரூபிக்கவில்லை. மேலே எங்கு கசிந்தாலும் எண்ணெய் எஞ்சின் பிளாக்கின் பின்சுவரில் வழிந்து அங்கேதான் வந்து சேரும். ஓடும்போது அடியில் வீசும் காற்றும் அதைப் பின்னோக்கித் தள்ளும். அதனால் சொட்டும் இடத்தை விட்டுவிட்டு, நனைந்திருக்கும் பரப்பில் எது மிக உயரம், எது மிக முன்பக்கம் என்று பாருங்கள். கசிவின் வாய் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

பின்பக்க சீல் என்று பழி சுமத்தப்பட்ட எத்தனையோ எஞ்சின்களில் உண்மையான குற்றவாளி டேப்பட் கவர் கேஸ்கெட்டின் (எஞ்சினின் மேல்மூடிக்கு அடியில் வரும் அடைப்பு) பின்மூலை. அங்கிருந்து ஒழுகும் எண்ணெய் பெல் ஹவுசிங்கின் தோளில் இறங்கி மூட்டைச் சுற்றி அடிக்குப் போய்விடுகிறது. கருகும் வாடை வருகிறது என்கிறீர்களே, அதுவே ஒரு நல்ல துப்பு. பின்பக்க சீலில் கசியும் எண்ணெய் எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் சூடான குழாய்த்தொகுதியான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைத் தொடுவது அரிது, அது கீழேதான் போகும். மேனிஃபோல்டின் மேல் விழுந்து புகைய வேண்டும் என்றால் மேலிருந்துதான் வர வேண்டும்.

ஒரு சோதனை செய்யுங்கள். பல கார்களில் பெல் ஹவுசிங்கின் அடியில் சிறு தகட்டு மூடியோ ஓட்டையோ இருக்கும். அதைத் திறந்து, கிராங்கின் பின்முனையில் சுழலும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலைப் பாருங்கள். எஞ்சின் பக்க முகம் நனைந்து, உள்சுவரில் வட்டமாக எண்ணெய் விசிறி அடித்திருந்தால் பின்பக்க சீல்மீது சந்தேகம் நியாயம். உள்ளே காய்ந்திருந்து வெளியே மட்டும் ஈரம் என்றால் எண்ணெய் மேலிருந்து வருகிறது. கிளட்ச் பக்கம் தடித்த எண்ணெயும் கந்தக வாடையும் இருந்தால் அது கியர் எண்ணெய், கியர்பாக்ஸுக்குள் நுழையும் தண்டின் (இன்புட் ஷாஃப்ட்) சீலின் வேலை. இந்த மூன்றுக்கும் வைத்தியம் வேறு, செலவும் வேறு.

உங்களுக்கு அந்தப் பட்டறையில் எஞ்சினைக் கழுவிப் பார்த்தார்களா? கழுவாமல் சொன்ன தீர்ப்பை நான் ஏற்க மாட்டேன்.

கருமேகம் எழுதியது:

இவ்வளவு அலைச்சல் எதற்கு? கசிவை நிறுத்தும் திரவம் கடையில் கிடைக்கிறது. ஒரு குப்பி ஊற்றுங்கள், அடுத்த முறை எண்ணெய் மாற்றும்போது கொஞ்சம் தடித்த ரகமாகப் போடுங்கள். என் உறவினரின் காரில் அப்படித்தான் கசிவு நின்றது, இன்னும் ஓடுகிறது. இன்னொன்று, சிந்தெடிக் எண்ணெய் போட்டால் பழைய எஞ்சின் கசியும் என்பார்கள். நெடுவழி அவர்களே, நீங்கள் சமீபத்தில் சிந்தெடிக்குக்கு மாறினீர்களா?

ரப்பர்மனம் எழுதியது:

கருமேகம் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி எது என்று தெரியாமல் ஊற்றினால் பணம்தான் வீண். நான் சீல் தயாரிப்பில் வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பழைய எஞ்சின்களின் ஆயில் சீல் பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர். 100, 120 டிகிரி செல்சியஸ் வரை அது நன்றாகத் தாங்கும். ஆண்டுக்கணக்கில் சூட்டில் கிடந்தால் ரப்பருக்குள் இருக்கும் மென்மையூட்டிகள் வெளியேறி, சீலின் உதடு விறைத்துச் சுருங்குகிறது. சுழலும் தண்டின்மேல் அந்த உதடு படிந்து அழுத்தினால்தான் எண்ணெய் நிற்கும், விறைத்த உதடு படியாது. பிற்காலத்தில் பரவலான ஃப்ளூரோ ரப்பர் சீல்கள் 200 டிகிரி வரை தாங்குபவை. மாற்றும்போது அந்த ரகம் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள்.

கடையில் கிடைக்கும் திரவங்களில் நல்லவை செய்வது, விறைத்த ரப்பரைக் கொஞ்சம் உப்ப வைத்து மென்மையாக்குவதுதான். அதிகம் ஓடிய எஞ்சின்களுக்கென்றே விற்கும் எண்ணெய்களிலும் இதே வகைச் சேர்மானம் அளவோடு இருக்கிறது. சுழலும் தண்டின் சீல் வயதானதால் மெல்லக் கசிகிறது என்றால், சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு பலன் தெரியலாம். கிழிந்த கேஸ்கெட், வற்றிச் சுருங்கிய கார்க், தளர்ந்த போல்ட், வெடித்த சிலிகான் பசை, இவற்றுக்கு எந்தத் திரவமும் உதவாது, ஏனென்றால் உப்புவதற்கு அங்கே உயிருள்ள ரப்பர் இல்லை. துகள் கலந்து ஓட்டையை அடைப்பதாகச் சொல்லும் வகையை எஞ்சினுக்குள் விடவே விடாதீர்கள். ஓட்டைக்கும் எண்ணெய் வழிக்கும் வித்தியாசம் அந்தத் துகளுக்குத் தெரியாது.

சிந்தெடிக் பற்றிய அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ஆரம்பகாலச் செயற்கை எண்ணெய்கள் சில, சீல்களைச் சுருங்கச் செய்தன. பிறகு சேர்மானத்தைத் திருத்திவிட்டார்கள், இன்று அந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் பல ஆண்டுகள் சரியாக எண்ணெய் மாற்றாத எஞ்சினில் கசடுதான் சீலின் விரிசலை அடைத்துக்கொண்டிருக்கும். கழுவும் திறன் கூடிய எண்ணெய் போட்டால் அந்தக் கசடு கரையும், ஏற்கெனவே இருந்த கசிவு வெளியே தெரியும். புது எண்ணெய் சீலைக் கெடுத்துவிட்டது என்று ஊர் பேசுவது இதைத்தான்.

தடித்த எண்ணெய் பற்றி: 5டபிள்யூ-30 என்ற தடிமன் ரகம் ஊற்றும் எஞ்சினுக்கு, அதைவிடத் தடித்த 10டபிள்யூ-40 கையேட்டில் அனுமதிக்கப்பட்டிருந்தால் போடலாம். அனுமதி இல்லாமல் தடிமனைக் கூட்டினால், குளிர்ந்த எஞ்சின் கிளம்பும்போது மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டுக்கு எண்ணெய் போய்ச் சேரத் தாமதமாகும். சொட்டைக் குறைக்கப் போய்த் தேய்மானத்தை வாங்காதீர்கள்.

நெடுவழி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. எண்ணெய் ரகத்தை நான் மாற்றவில்லை. பட்டறையில் கழுவவும் இல்லை. நானே கழுவலாம் என்று நினைக்கிறேன். ஆனால் எஞ்சினில் தண்ணீர் பீய்ச்சினால் மின்சாரப் பகுதிகள் கெட்டுவிடும் என்ற பயம் இருக்கிறது. இன்னொன்று, சொட்டுவது எஞ்சின் எண்ணெய்தான் என்பதை எப்படி உறுதி செய்வது?

பட்டறைக்காரர் எழுதியது:

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன். நிறுத்தும் இடத்தில் பெரிய அட்டை ஒன்றை விரித்து, முன்சக்கரங்கள் நிற்கும் இடத்தை அதில் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கறை எங்கே விழுந்திருக்கிறது என்று அளந்து பார்க்கலாம், நிறமும் தெளிவாகத் தெரியும். தேன் நிறம் முதல் கறுப்பு வரை, வழுவழுப்பு என்றால் எஞ்சின் எண்ணெய். சிவப்பு என்றால் பவர் ஸ்டீயரிங் அல்லது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். பச்சை, ஆரஞ்சு, இளஞ்சிவப்பு நிறத்தில் இனிப்பு வாடை என்றால் ரேடியேட்டர் நீர். தெளிந்த மஞ்சள் நிறத்தில் நீர்த்த திரவம் சக்கரத்தின் பக்கமோ பிரேக் பெடலின் பக்கமோ தெரிந்தால் பிரேக் திரவம், அந்தக் காரை நகர்த்தக் கூடாது. நிறமற்ற நீர் ஏ.சி. விடும் நீராக இருக்கும், கவலை வேண்டாம்.

இனி கழுவுவது. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். ஆல்டர்நேட்டர், ஏர் ஃபில்டர் வாய், இக்னிஷன் காயில், ஃபியூஸ் பெட்டி ஆகியவற்றை பிளாஸ்டிக் உறையால் இறுக மூடுங்கள். பிசுக்கு நீக்கும் திரவத்தைக் கீழிருந்து மேலாகத் தெளித்துப் பத்து நிமிடம் ஊற விட்டு, பிரஷ் போட்டுத் தேயுங்கள். பிறகு மிதமான தண்ணீரில் அலசினால் போதும், அழுத்தக் குழாயை அருகில் கொண்டுபோகாதீர்கள். மின் இணைப்புகளின் பக்கம் தண்ணீரே வேண்டாம், துணியில் பிரேக் கிளீனர் நனைத்துத் துடைத்துவிடுங்கள். சிலர் பெட்ரோல் ஊற்றித் துடைக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், அதன் ஆவி பற்றிக்கொள்ள ஒரு பொறி போதும்.

அடியில் போக வேண்டுமானால் ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள். சமதரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஸ்டாண்டு வைத்து, காரை ஒரு முறை அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். கசிவுக்கு அவசரமில்லை, உங்கள் உயிர்தான் முக்கியம்.

கண்துளி எழுதியது:

கழுவிய பிறகு என்ன செய்வது என்பதை நான் சொல்கிறேன். எனக்கு இந்த வேலை மிகவும் பிடிக்கும்.

கழுவிக் காய்ந்ததும் பத்து நிமிடம் ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல்) ஓட விட்டுப் பாருங்கள். பிறகு ஒரு சிறு பயணம், மறுபடி பாருங்கள். பிறகு நெடும்பயணம். ஒவ்வொரு முறையும் அதே கோணங்களில் படம் எடுத்து வையுங்கள். புது ஈரம் எந்தக் கட்டத்தில் தெரிகிறது என்பதே பாதி விடை. எண்ணெய் அழுத்தத்தோடு ஓடும் இடங்கள், அதாவது ஆயில் ஃபில்டர், ஆயில் பிரஷர் ஸ்விட்ச், கூலர் குழாய்கள், எஞ்சின் ஓடினால்தான் கசியும், கொஞ்ச நேரத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். சம்ப் எனும் அடி எண்ணெய்த் தொட்டியின் டிரெயின் போல்ட் எண்ணெயில் ஊறியே இருப்பதால் நின்ற காரிலும் இரவெல்லாம் சொட்டும். டேப்பட் கவரும் கேம் சீலும் தெறிக்கும் எண்ணெயால் நனைபவை, சூடேறி ஓடினால்தான் அவற்றின் குணம் தெரியும்.

கண்ணுக்குப் பிடிபடவில்லை என்றால் புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயம் இருக்கிறது. எஞ்சின் எண்ணெய்க்கென்று விற்பதை வாங்கி, குப்பியில் சொன்ன அளவு ஊற்றி, ஓட்டிவிட்டு, இருட்டில் அந்த விளக்கை அடியுங்கள். கசிவு மஞ்சள் பச்சையாக மின்னும். கூடவே வரும் மஞ்சள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் இன்னும் துல்லியம். சாயம் வாங்க வழியில்லை என்றால் சந்தேகப்படும் இடத்தில் டால்கம் பவுடரை ஊதிவிடுங்கள், எண்ணெய் வரும் வழி கோடாகக் கறுத்துத் தெரியும்.

கிராங்க் முன்பக்க சீலுக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. கசியும் எண்ணெயைச் சுழலும் புல்லி சுற்றிலும் வீசும். புல்லிக்கு நேராக உள்பக்கத் தகட்டில் வில் வடிவத்தில் கறை இருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

ஆயில் பிரஷர் ஸ்விட்ச்சை யாரும் மறந்துவிடாதீர்கள். பல எஞ்சின்களில் அது பிளாக்கின் பின்பக்கமாக ஒளிந்திருக்கிறது. உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்தால், ஸ்விட்ச்சின் உடல் வழியாகவே எண்ணெய் வெளியேறி வயர் சொருகும் இடத்தில் தேங்கும். சொருகியைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். கைக்கடக்கமான அந்தப் பாகத்துக்காகக் கியர்பாக்ஸை இறக்கிய கொடுமையும் நடந்திருக்கிறது.

மூச்சுக்குழல் எழுதியது:

எஞ்சினுக்குள் சேரும் வாயு வெளியேறும் வழியான பிரீதரை இதுவரை யாரும் தொடவில்லை. எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது, ஏனென்றால் கசிவுகளின் வேர் பல நேரம் அங்கேதான் இருக்கிறது.

எந்த எஞ்சினிலும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே இறங்கத்தான் செய்யும். அதை வெளியேற்றி இன்டேக்கில் (எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும் வழியில்) சேர்ப்பதற்கு ஒரு குழாயும் பி.சி.வி. வால்வும் இருக்கின்றன. அந்த வழி கசடு அடைத்துக்கொண்டால் கிராங்க் அறைக்குள் அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் எங்கே பலவீனமோ அங்கே எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். நீங்கள் ஒரு சீலை மாற்றினால் அடுத்த பலவீனமான சீல் திறந்துகொள்ளும். "எல்லா சீலும் மாற்றினேன், இன்னும் கசிகிறது" என்று வருந்துபவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்த வால்வைப் பற்றித்தான்.

சோதிப்பது எளிது. எஞ்சின் ஐடிலில் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றி, அந்த வாயில் ஒரு தாளை வையுங்கள். தாள் மெல்ல இழுபட்டால் நல்லது. ஊதித் தள்ளப்பட்டால் உள்ளே அழுத்தம் இருக்கிறது என்று பொருள். சில எஞ்சின்களில் அந்த வாய் வழியாக எண்ணெய் தெறிக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வால்வைக் கழற்றிக் குலுக்குங்கள். கடகடவென்று சத்தம் வர வேண்டும், ஊமையாக இருந்தால் மாற்றுங்கள். சத்தம் வந்துவிட்டது என்பதற்காகவும் முழுதாக நம்பிவிட வேண்டாம், குழாய்களின் உட்புறத்தையும் பாருங்கள். பழைய ரப்பர்க் குழாய்கள் உள்ளுக்குள் உப்பி வழியையே மூடியிருக்கும். சற்றுப் புதிய எஞ்சின்களில் இந்த வால்வு சவ்வு வடிவில் டேப்பட் கவருக்குள்ளேயே இருக்கும். சவ்வு கிழிந்தால் விசில் போன்ற சத்தமும் ஒழுங்கற்ற ஐடிலும் வரும்.

வால்வும் குழாயும் சுத்தமாக இருந்தும் தாள் பறக்கிறது என்றால், ரிங் தேய்ந்து வாயு அளவுக்கு மீறி இறங்குகிறது. அப்போது கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பார்க்க வேண்டும், சீல் மாற்றுவது வீண் வேலை.

கயிற்றுசீல் எழுதியது:

நான் இன்னும் பழைய கார்களின் ஆள். கிராங்க் பின்பக்கம் ரப்பரே இல்லாமல், கிராஃபைட் தோய்த்த கயிறு வைத்து அடைத்த காலத்து எஞ்சின் என்னுடையது. அந்தக் கயிறு புதிதாக இருந்தாலே கொஞ்சம் கசியும். அதனால் ஒரு மாற்றுக் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன்: எல்லாக் கசிவையும் சரிசெய்துதான் தீர வேண்டும் என்பதில்லை.

அமெரிக்க ராணுவத்தின் பராமரிப்புக் கையேடுகளில் கசிவை மூன்று வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். ஈரம் தெரிகிறது, துளி உருவாகவில்லை என்றால் முதல் வகுப்பு. துளி உருவாகிறது, ஆனால் விழவில்லை என்றால் இரண்டாவது. துளி விழுந்தால் மூன்றாவது. முதல் இரண்டிலும் அளவைக் கவனித்துக்கொண்டே வண்டியை இயக்கலாம், மூன்றாவதில் மேலே சொல்ல வேண்டும். எரிபொருள், பிரேக் விஷயத்தில் மட்டும் இந்தச் சலுகை கிடையாது. இந்தப் பிரிவு எனக்கு மிகவும் பிடித்தது, பயத்தை அளவாக மாற்றிக் கையில் கொடுக்கிறது.

கணக்கும் பாருங்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 20 துளி என்று வைத்துக்கொண்டால், ஒரு லிட்டர் தீர 20,000 துளி விழ வேண்டும். இரவில் பத்துத் துளி விழுந்தால் தரையில் பார்க்க அச்சமாக இருக்கும், எஞ்சினுக்கோ அது அரை மில்லிலிட்டர். டிப் ஸ்டிக்கில் குறைவதற்கும் தரையில் விழுவதற்கும் பொருத்தம் இல்லை என்றால், மீதி ஓடும்போது வழிகிறது அல்லது எரிகிறது.

பட்டறைக்காரர் எழுதியது:

ஐயா, உங்கள் பொறுமையை மதிக்கிறேன், கணக்கும் சரி. ஆனால் இதைப் படிப்பவர்களில் சிலர் "கசிந்தால் கசியட்டும்" என்று மட்டும் எடுத்துக்கொள்வார்களோ என்று அஞ்சுகிறேன். அளவு சிறிதாக இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாத கசிவுகள் உண்டு.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் விழும் கசிவு, தீப்பிடிக்கும் ஆபத்து. கிராங்கையும் கேம் ஷாஃப்ட்டையும் இணைக்கும் டைமிங் பெல்ட்டை நனைக்கும் கசிவு: எண்ணெய் பட்ட பெல்ட்டின் ரப்பர் ஊறிப் பலவீனமாகும், அது அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். கிளட்ச் பிளேட், பிரேக், டயர் ஆகியவற்றில் படும் எதுவும் அப்படித்தான். எஞ்சின் மவுண்ட்டின் ரப்பரும் எண்ணெயில் ஊறினால் உப்பித் தளர்ந்துவிடும். அதை யாரும் கவனிப்பதில்லை, பிறகு அதிர்வுக்குக் காரணம் தேடி அலைவார்கள்.

ஆயில் விளக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலான பழைய கார்களில் டேஷ்போர்டில் எரியும் சிவப்பு விளக்கு எண்ணெயின் அழுத்தம் விழுந்துவிட்டதைத்தான் காட்டுகிறது. அது அளவைக் காட்டும் விளக்கு அல்ல. ஓடும்போது அது எரிந்தால் ஓரம் கட்டி உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும், "வீடு பக்கத்தில்தான்" என்று ஓட்டினால் பேரிங் போய்விடும். அளவைக் காட்டுவது டிப் ஸ்டிக் மட்டும்தான். சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்து, துடைத்துவிட்டு மறுபடி விட்டுப் பாருங்கள்.

கயிற்றுசீல் எழுதியது:

ஏற்கிறேன். நான் சொன்னது துளியின் அளவைப் பற்றி, நீங்கள் சொல்வது அது விழும் இடத்தைப் பற்றி. இரண்டையும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

நெடுவழி எழுதியது:

கழுவிவிட்டேன், பார்த்தும்விட்டேன். கண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

ஃப்ளைவீல் மூடியைத் திறந்தேன், உள்ளே முழுக்கக் காய்ந்திருந்தது. ஐடிலில் எங்கும் ஈரம் இல்லை, பிரஷர் ஸ்விட்ச்சின் சொருகியும் சுத்தம். சிறு பயணத்துக்குப் பிறகும் ஒன்றும் இல்லை. நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்தேன், டேப்பட் கவரின் பின்மூலையில், எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டில் அரைவட்ட ரப்பர் அடைப்பு உட்காரும் இடத்தில் புது எண்ணெய் மின்னியது. ஒரு கிளை மேனிஃபோல்டின் பக்கம், இன்னொரு கிளை நேராகப் பெல் ஹவுசிங்கின் மேல். சாயமே தேவைப்படவில்லை.

பிறகு தாள் சோதனை செய்தேன். தாள் மேலே எழும்பியது! பி.சி.வி. வால்வில் சத்தம் இல்லை. அதன் குழாய்க்குள் கறுப்புக் கசடு விரலால் வழித்தெடுக்கும் அளவுக்கு இருந்தது. முன்பக்கத்தில், கிராங்க் புல்லிக்குப் பின்னால் லேசான ஈரம் இருக்கிறது, துளி கட்டவில்லை. கம்ப்ரஷன் பார்த்ததில் நான்கு சிலிண்டரும் கையேட்டு எல்லைக்குள் இருக்கின்றன.

கேஸ்கெட்டை நானே மாற்றலாமா?

மூச்சுக்குழல் எழுதியது:

படித்ததும் உள்ளம் நிறைந்தது. முதலில் வால்வையும் குழாயையும் மாற்றுங்கள், அதன் பிறகே கேஸ்கெட். கசடு அந்த அளவு இருந்தால் இன்டேக்கில் போய்ச் சேரும் துளையையும் கம்பி விட்டுச் சுத்தம் செய்யுங்கள். வால்வு புதிதாக இருந்தும் அந்தத் துளை அடைத்திருந்தால் பயன் இல்லை.

ரப்பர்மனம் எழுதியது:

தாராளமாக மாற்றலாம். கசிவு வேலைகளில் இதுதான் புதியவருக்கு ஏற்றது. ஆனாலும் இதில்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள், காரணம் அவசரமும் கைவலிமையும்.

கேஸ்கெட்டோடு அரைவட்ட அடைப்புகள், ஸ்பார்க் பிளக் குழாய் சீல்கள், போல்ட்டின் அடியில் வரும் ரப்பர் வளையங்கள் எல்லாம் சேர்ந்த தொகுப்பாக வாங்குங்கள். போல்ட்டின் ரப்பர் தட்டையாகிவிட்டால் கவரில் அழுத்தம் சரியாக விழாது, புதுக் கேஸ்கெட்டும் கசியும். பழைய கேஸ்கெட்டின் மிச்சத்தை அலுமினியத்தில் கீறல் விழாதபடி பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். இரு பரப்பையும் பிரேக் கிளீனரால் துடைத்து, எண்ணெய்ப் பசையே இல்லாமல் காய விடுங்கள். கவர் தகடாக இருந்தால் கண்ணாடிமேல் வைத்துப் பாருங்கள், முன்பு யாரோ அதிகம் முறுக்கியிருந்தால் போல்ட் துளையைச் சுற்றி வளைந்திருக்கும்.

சிலிகான் பசையைக் கேஸ்கெட் முழுக்கத் தடவாதீர்கள். அரைவட்ட அடைப்பின் விளிம்பு, டைமிங் கவரும் ஹெட்டும் சேரும் மூலைகள், இந்த இடங்களில் சிறு பொட்டு போதும். அதிகம் தடவினால் உள்பக்கம் பிதுங்கிய பசை உதிர்ந்து, சம்ப்பில் எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைக்கும். அப்படி எஞ்சினையே இழந்தவர்கள் இருக்கிறார்கள். ஆக்ஸிஜன் சென்சாருக்குத் தீங்கில்லாத வகை என்று குழாயில் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பசை முழுதாக இறுகப் பொதுவாக 24 மணி நேரம், அதுவரை எஞ்சினை ஓட்ட வேண்டாம்.

முறுக்குவது நடுவிலிருந்து வெளியே, குறுக்கும் நெடுக்குமாக, இரண்டு சுற்றில். பல கார்களில் இந்த போல்ட்டுகளுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர்தான், உங்கள் கையேட்டின் எண்ணையே வேதவாக்காகக் கொள்ளுங்கள். முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சை இரவல் வாங்கியாவது பயன்படுத்துங்கள். கசிகிறதே என்று பழைய கேஸ்கெட்டை மேலும் மேலும் முறுக்குவதால்தான் கவர்கள் வளைகின்றன.

நெடுவழி எழுதியது:

வேலை முடிந்து, வழக்கமான ஓட்டத்தில் சில வாரங்கள் கடந்துவிட்டன. பெல் ஹவுசிங் காய்ந்திருக்கிறது. கருகும் வாடை இல்லை. தாள் இப்போது உள்ளே இழுபடுகிறது. எண்ணெய் அளவு அசையவில்லை.

புல்லிக்குப் பின்னால் இருந்த ஈரமும் பெருகவில்லை. பிரீதர் சரியானதால்தானா என்று தெரிந்துகொள்ள ஆசை. அந்த முன்பக்க சீலை இப்போதே மாற்ற வேண்டுமா?

பட்டறைக்காரர் எழுதியது:

மகிழ்ச்சி. உள்ளே அழுத்தம் இறங்கினால் முன்பக்க சீலின் ஈரமும் குறைவதுண்டு. டைமிங் பெல்ட் மூடியைக் கழற்றிப் பெல்ட் காய்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். காய்ந்திருந்தால் அடுத்த பெல்ட் மாற்றத்தின்போது கிராங்க் முன்பக்க சீல், கேம் சீல்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டுவிடலாம், ஒரே கூலியில் முடியும். பெல்ட்டில் எண்ணெய் இருந்தால் காத்திருக்காதீர்கள், சீலும் பெல்ட்டும் உடனே.

சீலைக் கழற்றும்போது தண்டில் நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் புது சீலின் உதடு அந்தப் பள்ளத்தில் படாதபடி ஓரிரு மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தலாம், இடமில்லை என்றால் தண்டின்மேல் மெல்லிய உலோக உறை ஏற்றலாம். எண்ணெய் தடவாமல் ரப்பர் சீலை உலர்வாக ஏற்றினால் தொடக்கத்திலேயே உதடு கெடக்கூடும். அதையும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுச்சாவி எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் காரில் சொட்டு எதுவும் இல்லை, ஆனால் எஞ்சின் சில நேரம் தடுமாறுகிறது. இக்னிஷன் காயிலை உருவிப் பார்த்தால் அடிப்பகுதி எண்ணெயில் நனைந்திருக்கிறது. பிளக் குழிக்குள்ளும் எண்ணெய் நிற்கிறது. இதுவும் டேப்பட் கவர்தானா? பிளக்கை மாற்றினால் போதுமா?

ரப்பர்மனம் எழுதியது:

வெளியே சொட்டாமல் உள்ளே தேங்கும் கசிவு இது. பிளக் குழாய் சீல் விறைத்துவிட்டது. பல எஞ்சின்களில் அது டேப்பட் கவர் தொகுப்பிலேயே வரும், சிலவற்றில் கவரோடு ஒட்டியே இருப்பதால் கவரையே மாற்ற வேண்டியிருக்கும். மேலே சொன்ன பிரீதர் சோதனையை நீங்களும் செய்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். எண்ணெய் நிற்கும்போது பிளக்கைக் கழற்றக் கூடாது, கழற்றினால் அத்தனையும் சிலிண்டருக்குள் இறங்கும். முதலில் ஊசிக்குழலில் மெல்லிய டியூப் மாட்டி உறிஞ்சி எடுங்கள், மிச்சத்தைக் கம்பியில் சுற்றிய துணியால் ஒற்றுங்கள். பிறகுதான் பிளக். காயிலின் ரப்பர் உறை எண்ணெயில் ஊறி உப்பியிருந்தால் உறையை மட்டும் தனியாக வாங்க முடிகிறதா என்று பாருங்கள், பல கார்களுக்குக் கிடைக்கிறது, முழுக் காயிலும் மாற்ற வேண்டியிருக்காது.